ஏழு சென்டிமீட்டர்: மரி-ஜோசே தா லூவின் ஓட்டம்

2016 ஆகஸ்ட் 13 இரவு, ரியோ ஒலிம்பிக் மைதானம். பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தின் முடிவுப் பட்டியலில் மூன்றாவது, நான்காவது வரிகள் இப்படி இருந்தன. மூன்றாம் இடம் ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேஸர்-ப்ரைஸ், 10.86 நொடி. நான்காம் இடம் ஐவரி கோஸ்ட்டின் மரி-ஜோசே தா லூ, 10.86 நொடி. இருவருக்கும் ஒரே நேரம்தான். வெண்கலம் ஒருவருக்கு மட்டும்.

ஒரே நேரம் என்றால் பதக்கத்தை ஏன் பகிர்ந்து கொடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். முடிவுக் கோட்டுக்கு நேரே நிற்கும் கேமரா, அந்தக் கோட்டை மட்டும் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுக்கிறது. தலையோ கையோ காலோ முதலில் தாண்டினால் கணக்கில்லை. நெஞ்சுப் பகுதி தாண்டிய கணம்தான் கணக்கு. அந்தப் படத்தில் நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கிறார்கள். அப்புறம் நூறில் ஒரு பங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கி அறிவிக்கிறார்கள். ஃப்ரேஸர்-ப்ரைஸின் உண்மையான நேரம் 10.852. தா லூவின் நேரம் 10.859. அறிவிப்பில் இரண்டும் 10.86 ஆகிவிடும், ஆனால் இடத்தைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவது இலக்கம்.

வித்தியாசம் 0.007 நொடி. அந்த இடத்தில் அவர்கள் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் ஏழு சென்டிமீட்டர் வருகிறது, ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து நடந்த 200 மீட்டர் இறுதியிலும் தா லூ நான்காவதாகவே வந்தார். 22.21 நொடி, வெண்கலம் வென்றவருக்கு நூறில் ஆறு பங்கு நொடி பின்னால். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு முறை, பதக்க மேடைக்கு ஒரு படி கீழே.

அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஒலிம்பிக் பதக்கம் வென்றதில்லை, உலக சாம்பியனும் ஆனதில்லை. ஆனால் இந்தப் பத்தாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேக ஓட்டக்காரிகளில் உலகம் முழுக்க அதிகமாகத் தெரிந்த முகங்களில் அவருடையது ஒன்று. அவர் பெயரை அறிவித்தால் ஐரோப்பிய மைதானங்களில் கைதட்டல் எழுகிறது. ஆப்பிரிக்கப் பெண்களின் 100 மீட்டர் சாதனை அவரிடம் இருக்கிறது. தங்கம் இல்லாத ஒருவருக்கு இத்தனை அன்பு எங்கிருந்து வந்தது?

முதலில் பெயர். அவர் முழுப்பெயர் கோனேசி மரி-ஜோசே டொமினிக் தா லூ. 1988 நவம்பர் 18 அன்று ஐவரி கோஸ்ட்டின் நடு மேற்குப் பகுதியில் இருக்கும் பூவாஃப்லே ஊரில் பிறந்தார். அது கூரோ மக்கள் வாழும் வட்டாரம். கூரோ பெயர்களில் ஆண்களுக்கு 'பி' என்றும் பெண்களுக்கு 'லூ' என்றும் ஒரு ஒட்டு வரும். 'லூ' என்றால் மகள். ஆக 'தா லூ' என்பதைத் 'தா வீட்டுப் பெண்' என்று புரிந்துகொள்ளலாம். திருமணத்துக்குப் பிறகு தா லூ-ஸ்மித் என்ற பெயரில் ஓடுகிறார். இந்தக் கட்டுரையில் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

நாட்டின் பெயரிலும் ஒரு சங்கதி உண்டு. நாம் ஐவரி கோஸ்ட் என்று பழகிவிட்டோம். அந்த நாட்டு அரசோ 1980களிலிருந்தே 'எங்கள் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்க்காதீர்கள், கோட் திவார் என்றே சொல்லுங்கள்' என்று கேட்டுவருகிறது. போட்டிப் பட்டியல்களிலும் அப்படித்தான் வரும். படிக்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்க வேண்டுமே என்று நானும் பழைய வழக்கத்திலேயே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் விளையாட்டு என்றால் கால்பந்து. டிடியே ட்ரோக்பா என்ற ஒரு பெயர் போதும். 'யானைகள்' என்று அழைக்கப்படும் தேசிய அணி 2024 பிப்ரவரியில் சொந்த மண்ணில் நைஜீரியாவை 2-1 என வீழ்த்தி ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது நாடே தெருவுக்கு வந்தது. தா லூவும் சின்ன வயதில் கால்பந்துப் பைத்தியம்தான். தடகளத்தின் பக்கம் திருப்பியது அண்ணன். பையன்களையே முந்தி ஓடுகிற தங்கையின் கால்களுக்கு எது பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கோ மகள் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற கவலை. விளையாட்டை நம்பி ஒரு பெண் என்ன செய்வாள் என்ற கேள்வி எந்த ஊர் அம்மாவுக்கும் வருவதுதானே.

அந்தக் கேள்விக்கு நியாயமும் இருந்தது. தடகளத்தில் ஐவரி கோஸ்ட்டுக்கு அதுவரை கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம், 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டரில் காப்ரியேல் தியாக்கோ வென்ற வெள்ளி. அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து ஓடியவர். 1992இல், இன்னும் முப்பது வயதுகூட ஆகாத நிலையில், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பின் எத்தனையோ ஒலிம்பிக்குகள் போய்விட்டன. அந்த நாட்டுக்குத் தடகளத்தில் இரண்டாவது பதக்கம் இன்னும் வரவில்லை.

தா லூ உள்ளூரில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க வேக ஓட்டக்காரர்கள் பெரிய அளவுக்கு வர ஒரு வழிதான் இருந்தது: அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. நைஜீரியாவின் மேரி ஒன்யாலி, பிளெஸ்ஸிங் ஒகாக்பாரே இருவரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஐவரி கோஸ்ட்டிலேயே தா லூவுக்கு ஒரு வயது மூத்த முரியேல் அஹூரே சிறு வயதிலேயே நாட்டைவிட்டுப் போய், பிரான்சில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்து ஓடினார். 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 100, 200 இரண்டிலும் வெள்ளி வென்று, உலக சாம்பியன்ஷிப்பின் 100 மீட்டரில் பதக்கம் வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் என்று பெயர் வாங்கினார்.

தா லூ போனது வேறு திசையில். 2010இல் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை சீனாவுக்கு, சாங்காய் நகரத்துக்கு. மொழி தெரியாத ஊர், தெரிந்த முகம் இல்லாத மைதானம். அந்த ஆண்டின் கடைசியில் ஐவரி கோஸ்ட்டில் தேர்தல் முடிவைச் சுற்றி எழுந்த மோதல் உள்நாட்டுப் போராக மாறியது. சில மாதங்களில் சுமார் 3,000 பேர் செத்தார்கள். சாங்காயில் இருந்த 22 வயதுப் பெண்ணுக்கு அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சீனாவிலிருந்து திரும்பிய பிறகு அவர் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2015இல் பிராசவில்லில் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் 100, 200 இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு 26 வயது. 100 மீட்டரை 11 நொடிக்குள் முதல் முறை ஓடும்போது 27. பல வேக ஓட்டக்காரிகள் அந்த வயதில் உச்சத்தைப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கியிருப்பார்கள். ஃப்ரேஸர்-ப்ரைஸ் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது 21 வயதில். தா லூ தன் முதல் ஒலிம்பிக் ஓட்டத்தையே ரியோவில், 27 வயதில்தான் ஓடினார்.

அவரைச் செதுக்கியவர் ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த பயிற்சியாளர் அந்தோனி கோஃபி. நாட்டுக்காரர் ஒருவரின் கையில் உருவான ஓட்டக்காரி என்பது அந்த நாட்டின் பெரிய நகரமான அபிஜானின் மக்களுக்குப் பெரிய விஷயம். அஹூரேயின் பதக்கங்களில் அவர்களுக்குப் பெருமை இருந்தது, ஆனால் தா லூவின் பேச்சிலும் சிரிப்பிலும் அவர்களுக்குத் தங்கள் தெருவே தெரிந்தது. இருவரையும் ஒப்பிட்டு ஒருவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அஹூரே கதவைத் திறந்திராவிட்டால் தா லூ நுழைந்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனாலும் மக்களின் பாசம் பதக்கப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

உடல்வாகையும் சொல்லிவிடலாம். தா லூவின் உயரம் 1.59 மீட்டர். வேக ஓட்டத்தில் வேகம் என்பது இரண்டே விஷயங்களின் பெருக்கல்: ஒரு எட்டின் நீளம், நொடிக்கு எத்தனை எட்டு. உயரமானவர்களுக்கு முதலாவது சுலபம். குள்ளமானவர்கள் இரண்டாவதில்தான் ஈடுகட்ட வேண்டும். காலை வேகமாக எடுத்து வைக்க வேண்டும், தரையைத் தொடுகிற நேரம் குறுக வேண்டும். தா லூவின் ஓட்டத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். தையல் மிஷின் ஊசிபோல அந்தக் கால்கள் குத்திக்கொண்டே போகும்.

2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆகஸ்ட் 6 அன்று நடந்த 100 மீட்டர் இறுதியில் கடைசிப் பத்து மீட்டர் வரை அவர் முன்னால் இருந்தார். அமெரிக்காவின் டோரி போவி கோட்டருகே உடம்பை முன்னால் எறிந்தார். எறிந்த வேகத்தில் தடத்திலேயே விழுந்தும் விட்டார். முடிவு: போவி 10.85, தா லூ 10.86. நூறில் ஒரு பங்கு. ஐந்து நாள் கழித்து 200 மீட்டரில் நெதர்லாந்தின் டாஃப்னே ஷிப்பர்ஸ் 22.05, தா லூ 22.08. ஷிப்பர்ஸின் உயரம் 1.79 மீட்டர். ஒரு முழு ஜாண் உயர வித்தியாசத்தோடு இருவரும் கடைசி வரை தோளுக்குத் தோள் வந்த அந்த ஓட்டம் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. இரண்டு வெள்ளி, இரண்டு தங்கத்துக்கும் சேர்த்து நூறில் நான்கு பங்கு தூரம்.

கண்சிமிட்டக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும்.

டோரி போவியைப் பற்றி ஒரு வரி. 2023இல் பிரசவச் சிக்கலில் 32 வயதில் அவர் இறந்துபோனார். லண்டன் இறுதியின் படத்தை இப்போது பார்க்கும்போது, தோற்றவரைவிட வென்றவரை நினைத்துத்தான் மனசு கனக்கிறது.

2018 மார்ச்சில் பர்மிங்ஹாமில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டரில் அஹூரே 6.97 நொடியில் தங்கம், தா லூ வெள்ளி. முதல் இரண்டு இடங்களும் ஒரே மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்கு. ஜமைக்காவும் அமெரிக்காவும் காலங்காலமாகப் பங்குபோட்டுக்கொண்ட மேடை அது. அதே ஆண்டு நைஜீரியாவின் அசாபாவில் ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பின் இரண்டு வேக ஓட்டங்களிலும் தா லூவுக்குத் தங்கம். 2019இல் தோஹாவில் உலக வெண்கலம், 10.90 நொடி.

சரி, இந்த ஜமைக்கா-அமெரிக்கச் சுவர் எப்படி எழுந்தது? ஐவரி கோஸ்ட்டின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 2.94 கோடி. ஜமைக்காவில் முப்பது லட்சம்கூட இல்லை. ஆள்பலம் காரணமாக இருந்தால் கதை தலைகீழாக இருந்திருக்கும். ஜமைக்காவில் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான தடகளப் போட்டி 1910இலிருந்து நடக்கிறது. இன்று அதைப் பார்க்கத் தேசிய மைதானம் நிரம்பும், தொலைக்காட்சியில் நேரலை வரும், ஜெயித்த பள்ளியின் பழைய மாணவர்கள் ஊர்வலம் போவார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு பெண் வேகமாக ஓடினால் அவளைப் பார்க்க, பதிவு செய்ய, அடுத்த பள்ளிக்கு இழுக்க ஆள் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த வேலையைக் கல்லூரி விளையாட்டு செய்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு ஏணி இல்லை. நல்ல செயற்கைத் தடம் உள்ள மைதானங்களை விரல்விட்டு எண்ணலாம், இருப்பதிலும் கால்பந்துக்குத்தான் முதலிடம். திறமை இருக்கிற பிள்ளை, யாராவது ஒரு ஆசிரியரோ அண்ணனோ கண்ணில் பட்டால் வெளியே வரும். இல்லாவிட்டால் இல்லை.

நிர்வாகம் வேறு. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய பிறகு, போதிய ஊக்கமருந்துப் பரிசோதனை செய்யப்படாத காரணத்தால் நைஜீரியாவின் பத்து வீரர்கள் ஓடவே தகுதியில்லாமல் போனார்கள். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் வேலையே இல்லை. 2024 பாரிஸில் அதே நாட்டின் ஃபேவர் ஒஃபிலி 100 மீட்டருக்குத் தகுதி பெற்றும், பட்டியலில் பெயர் சேர்க்கப்படாமல் விட்டுப்போனதால் அதில் ஓட முடியவில்லை. 200 மீட்டரில் ஓடி ஆறாவது வந்தார். மறு ஆண்டே துருக்கிக்காக ஓடப் போகிறார் என்று செய்தி வந்தது. யார்தான் குறை சொல்வார்கள்?

இப்படிப்பட்ட சூழலில்தான் 2021 ஜூலை 30 வந்தது. டோக்கியோ, பார்வையாளர் இல்லாத வெறும் மைதானம், முதல் சுற்று. தா லூ 10.78 நொடியில் ஓடி, அஹூரே 2016இல் வைத்திருந்த ஆப்பிரிக்க சாதனையைச் சமன் செய்தார். இத்தனைக்கும் அது தகுதிச் சுற்றுதான். அடுத்த நாள் இறுதி. எலெய்ன் தாம்ப்சன்-ஹேரா 10.61, ஃப்ரேஸர்-ப்ரைஸ் 10.74, ஷெரிக்கா ஜாக்சன் 10.76. மூவரும் ஜமைக்கா. நான்காவது தா லூ, 10.91. முதல் சுற்றில் சக்தியை வீணாக்கிவிட்டார் என்று அன்று பலர் எழுதினார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அதுவரை ஓடியதில் சிறந்த ஓட்டமான அந்த 10.78ஐ இறுதியிலேயே ஓடியிருந்தாலும் அவர் நான்காவதுதான்.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. ஜூலை 31 காலை, அரையிறுதிக்குச் சில மணி நேரம் முன்பு, பிளெஸ்ஸிங் ஒகாக்பாரே இடைநீக்கம் செய்யப்பட்டார். காரணம், மனித வளர்ச்சி ஹார்மோன் என்ற ஊக்கமருந்து. ஒகாக்பாரே சாதாரண ஆள் இல்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் பதக்கம், 2014 காமன்வெல்த்தில் 100, 200 இரட்டைத் தங்கம். தா லூ பிறந்த அதே 1988இல் பிறந்தவர். நைஜர் டெல்டாவிலிருந்து வந்து ஆப்பிரிக்க வேக ஓட்டத்தின் முகமாக இருந்தவர். 2022இல் பத்து ஆண்டுத் தடை, பிறகு அதோடு இன்னும் ஓராண்டு. அவருக்கு மருந்து கொடுத்தவர்மீது அமெரிக்காவில் குற்ற வழக்கே நடந்தது.

தா லூவின் மதிப்பு உயர்ந்ததில் இந்தச் சம்பவத்துக்குப் பங்குண்டு என்று நினைக்கிறேன். யாரும் வெளிப்படையாகச் சொல்லாத பங்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒருவர் வேகமாக ஓடினால் உடனே சந்தேகக் கண்ணோடு பார்க்கிற வழக்கம் அன்று இன்னும் இறுகியது. பத்தாண்டுக்கு மேல் உச்சத்தில் ஓடியும் ஊக்கமருந்து வழக்கு எதிலும் பெயர் அடிபடாதவர் என்பது அந்த வட்டாரத்து ரசிகர்களுக்கு ஒரு பதக்கத்துக்குச் சமம்.

2022 ஆகஸ்ட் 10, மொனாக்கோ. ஃப்ரேஸர்-ப்ரைஸ் 10.62, ஜாக்சன் 10.71, தா லூ 10.72. மூன்றாம் இடம், ஆனால் ஆப்பிரிக்க சாதனை இப்போது அவருக்கு மட்டுமே சொந்தம். அப்போது அவருக்கு 33 வயது. இந்த வேகத்துக்குப் பின்னால் புதிய வகை ஸ்பைக் காலணிகளின் பங்கும் உண்டு. 2020க்குப் பிறகு எல்லாருடைய நேரமும் குறைந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையில் நேரங்களை வைத்துக்கொண்டு ஆறுதல் தேடுவதில் ஒரு ஆபத்து உண்டு. தெரிந்தும் நானும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

2023தான் அவருடைய ஆண்டு என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜூனில் ஆஸ்லோவில் 10.75 ஓடி, மரியன் ஜோன்ஸ் 1998இல் அங்கே வைத்த போட்டிச் சாதனையை உடைத்தார். ஜூலையில் லண்டனில் மறுபடி 10.75. ஆண்டுதோறும் பல நகரங்களில் நடக்கும் டயமண்ட் லீக் தடகளத் தொடரின் ஓட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி. புடாபெஸ்ட் உலகப் போட்டிக்குப் போகும்போது தங்கம் வெல்ல வாய்ப்புள்ளவர் பட்டியலில் அவர் பெயர் மேலே இருந்தது. அரையிறுதி 10.79. ஆகஸ்ட் 21 இரவு இறுதி: ஓரத் தடத்தில் ஓடிய அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சன் 10.65, ஜாக்சன் 10.72, ஃப்ரேஸர்-ப்ரைஸ் 10.77. நான்காவது தா லூ, 10.81.

மறுபடியும் நான்கு. ஆறு ஆண்டு முன்பு லண்டனில் தங்கம் வென்ற நேரம் 10.85 என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். புடாபெஸ்டில் பதக்கம் தராத ஓட்டம் லண்டனில் நடந்திருந்தால் உலக சாம்பியன். இதில் அவர் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. மனித வரலாற்றில் மிக வேகமான பெண்கள் நாலைந்து பேர் ஒரே காலத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். அவர் பிறந்த நேரம் அப்படி.

மூன்றரை வாரம் கழித்து யூஜினில் நடந்த டயமண்ட் லீக் இறுதியில் 10.75 ஓடி இரண்டாவது வந்தார். புடாபெஸ்ட் சாம்பியன் ரிச்சர்ட்சன் அன்று 10.80, நான்காம் இடம். இந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. தடகளத்தை ஆண்டு முழுக்கப் பார்க்கிறவர்களுக்கும், உலகப் போட்டியை மட்டும் பார்க்கிறவர்களுக்கும் தா லூவைப் பற்றி இருக்கும் மதிப்பீடு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு இந்த ஓட்டமே போதும். முதல் வகையினருக்கு அவர் வருடா வருடம் பலமுறை வந்து, மழையிலும் குளிரிலும் ஓடி, பல ஓட்டங்களை ஜெயித்துவிட்டுப் போகிறவர். இரண்டாம் வகையினருக்கு நான்காவதாக வருகிறவர்.

அவரை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு பாதி விடை. மறு பாதி, கோட்டைத் தாண்டிய பிறகு அவர் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. தோற்ற கணத்தில் கேமரா முகத்துக்கு நேரே வரும். அப்போதும் வென்றவரைத் தேடிப் போய்க் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் தன் பையை எடுக்கப் போவார். சிரிப்பு வந்தால் முகம் முழுக்க வரும். ஏமாற்றத்தையும் மறைப்பதில்லை. சமூக ஊடகத்தில் தன் தோல்விகளைப் பற்றித் தானே எழுதுகிறார், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். வேக ஓட்ட உலகம் கொஞ்சம் வீறாப்பான இடம். முறைப்பும் சவாலும் அங்கே வியாபாரத்தின் பகுதி. அதில் இவர் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி நடந்துகொள்வது தனியாகத் தெரிகிறது.

உள்நாட்டில் இந்தப் பிரபலத்துக்கு வேறு பொருளும் உண்டு. 2021இல் டோக்கியோ தொடக்க விழாவில் ஐவரி கோஸ்ட்டின் கொடியை ஏந்தியவர்கள் இருவர். ஒருவர் தா லூ, மற்றவர் ரியோவில் டேக்வாண்டோவில் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஷேக் சிசே. தங்கம் வென்றவருக்குப் பக்கத்தில் நான்காம் இடம் வந்தவர், அதே கொடியைப் பிடித்துக்கொண்டு. யாருக்கும் அது உறுத்தவில்லை. கால்பந்து நட்சத்திரங்கள் எல்லாரும் ஆண்களாக இருக்கும் நாட்டில், விளையாட்டை நம்பி ஒரு பெண் என்ன செய்வாள் என்ற அந்தப் பழைய கேள்விக்கு இப்போது ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிகிறது. ஜெசிகா க்பாய், மபூந்து கோனே போன்ற அடுத்த வரிசை ஓட்டக்காரிகள் பன்னாட்டுப் போட்டிகளுக்கு வந்துவிட்டார்கள். எல்லை தாண்டினால் காம்பியாவின் ஜினா பாஸ், தடை ஓட்டத்தில் 12.12 என்ற உலக சாதனை வைத்த நைஜீரியாவின் டோபி அமுசான். மேற்கு ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி இறுதி ஓட்டத்தில் நிற்பது இப்போது செய்தியே இல்லை. 2013க்கு முன்னால் அது செய்தியாக இருந்தது.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒலிம்பிக் பெண்கள் 100 மீட்டரில் இதுவரை எந்த ஆப்பிரிக்க நாட்டுக்கும் பதக்கம் கிடைத்ததில்லை. 200 மீட்டரில் 1996இல் மேரி ஒன்யாலிக்கு வெண்கலம் கிடைத்தது, டோக்கியோவில் நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமாவுக்கு வெள்ளி. நூறு மீட்டரில் ஒன்றும் இல்லை. மிக அருகில் போனவர் ரியோவின் தா லூ. ஏழு சென்டிமீட்டர்.

பாரிஸில் அதைச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு வந்தது. பிரெஞ்சு பேசும் ஊர், ஐவரி கோஸ்ட்டிலிருந்து குடியேறியவர்கள் நிறைய வாழும் ஊர். முதல் சுற்றில் அத்தனை பேரையும்விட வேகமாக, 10.87இல் ஓடினார். ஃப்ரேஸர்-ப்ரைஸ் அரையிறுதிக்கு முன் விலகிவிட்டார். ஜாக்சன் 100 மீட்டரில் இறங்கவேயில்லை. சுவரில் அப்படியொரு இடைவெளி அதுவரை விழுந்ததில்லை. ஆகஸ்ட் 3 இரவு, மழையில் நனைந்த தடத்தில் இறுதி. செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃப்ரெட் 10.72இல் தங்கம். தா லூவுக்கு ஓட்டத்தின் நடுவே காயம். மற்றவர்கள் முடித்து மூன்று நொடி கழித்து, 13.84இல், எட்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். ரிச்சர்ட்சனுக்கு வெள்ளி கொடுத்த நேரம் 10.87. தா லூ முதல் சுற்றில் ஓடிய அதே நேரம்.

35 வயதில் இப்படி ஒரு காயம் வந்தால் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். அவர் 2025இலும் ஓடினார். செப்டம்பர் 14 அன்று உலகப் போட்டியின் இறுதியில் நின்றார், மறுபடி டோக்கியோவில், நான்கு ஆண்டு முன்பு காலி நாற்காலிகளுக்கு முன்னால் 10.78 ஓடிய அதே மைதானத்தில். இந்த முறை கூட்டம் நிரம்பியிருந்தது. அமெரிக்காவின் மெலிசா ஜெஃபர்சன்-வுடன் 10.61இல் தங்கம் வென்றார், அவருக்கு 24 வயது. பின்வரிசையில் இரண்டு மூத்தவர்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தார்கள். கடைசி முறையாகத் தனி ஓட்டத்தில் இறங்கிய 38 வயது ஃப்ரேஸர்-ப்ரைஸ் 11.03, ஆறாம் இடம். 36 வயது தா லூ 11.04, ஏழாம் இடம். ரியோவுக்கு ஒன்பது ஆண்டு கழித்தும் அதே இருவர், அதே வரிசை, நடுவில் நூறில் ஒரு பங்கு.